நாட்பட்ட நோயுள்ளவர்களும் தடுப்பூசியும்

(காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

தறியை நிறுத்திவிட்டு, கூலியையும் பொருட்படுத்தாமல், இத்தனை பேர் இன்று இங்கே கூடியிருப்பதைக் காண மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. பாலாற்றங்கரையிலுள்ள இந்தச் செவிலிமேடு தொண்டுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள சாலைக் கிணற்றிலிருந்து இராமானுசர் நாள்தோறும் தீர்த்தம் சுமந்து சென்று வரதராஜப் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்தார் என்பது உங்கள் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருவது. கூட்டுறவும் உங்களுக்குப் புதிதன்று. 1904-ஆம் வருஷத்தில் இத்தேசத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் இந்தியாவின் முதலாவது நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்திலேயே. கடன் சுமையைத் தனித்தனியே தாங்க முடியாதவர்கள் ஒன்றுகூடித் தாங்கக் கற்ற இடம் இது. நோய்ச் சுமையையும் அவ்வாறே தாங்கலாம் என்பதை எடுத்துக் கூறவே நான் வந்திருக்கிறேன்.

இன்றைய விஷயம் யாதெனில், ஏற்கெனவே நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சிறுநீரக நோய் முதலிய ஏதேனும் ஒன்றோடு காலந்தள்ளி வருகிறவர்கள் வைரஸ் நோய்களுக்கு எதிரான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்பதாம். "எனக்குச் சர்க்கரை இருக்கிறதே, ஊசி ஒத்துக்கொள்ளுமா?" "நான் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனே, ஏதாவது ஆகிவிடாதா?" என்ற கேள்விகளை எல்லாத் தெருக்களிலும் கேட்கலாம். இவை அறியாமையால் எழும் கேள்விகள் என்று தள்ளிவிடத்தக்கவை அல்ல. ஒரு நோயோடு பல வருஷம் பழகியவன் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆகையால் அக்கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை கூறுவேன்.

தடுப்பூசி செய்யும் வேலை

வைரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கிருமி. அது தானாகப் பெருகாது. நம் உடம்பின் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதை எதிர்த்துப் போராடுகின்றன. ஆனால் முன்பின் பார்த்திராத கிருமியை அடையாளம் கண்டு, அதற்கேற்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்க உடம்புக்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்தச் சில நாட்களுக்குள்ளேயே கிருமி பெருகிவிட்டால் ஆபத்து நேரிடுகிறது. தடுப்பூசியானது கிருமியின் அடையாளத்தை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டி வைக்கிறது. பின்பு உண்மையான கிருமி வரும்போது எதிர்ப்புச் சக்தி தாமதமின்றி எழும்புகிறது.

நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு இதில் அதிக அக்கறை இருக்க வேண்டிய காரணம் என்ன? இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்வதில்லை. அன்றியும் காய்ச்சல் கண்டவுடன் உடம்பில் சுரக்கும் சில நீர்கள் சர்க்கரையை மேலும் உயர்த்திவிடும். சர்க்கரை உயர்ந்தால் எதிர்ப்பு குறையும். எதிர்ப்பு குறைந்தால் காய்ச்சல் நீடிக்கும். பலவீனமுற்ற இருதயத்துக்குக் கடுங்காய்ச்சல் ஒரு பாரம். குறுகிய மூச்சுக் குழாய்களுக்குச் சளி ஒரு பாரம். ஆரோக்கியமானவன் ஒரு வாரம் படுத்து எழுந்து விடும் நோயில், இவர்கள் மருத்துவமனை செல்ல நேரிடுகிறது. ஆகவே "நோய் இருக்கிறது, ஆதலால் ஊசி வேண்டாம்" என்பதைவிட, "நோய் இருக்கிறது, ஆதலால் ஊசி அவசியம்" என்பதே பெரும்பாலும் சரியான முடிவாகும். பெரும்பாலும் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். விலக்குகளும் உண்டு, அவற்றைப் பின்னால் கூறுவேன்.

கொரோனா காலத்தில் கண்டது

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரவாசி. அதன் பிறகு நடந்தவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் அடைபட்டன, கலியாணங்கள் நின்றன, கலியாணங்கள் நின்றதால் பட்டுப்புடவையை வாங்குவார் இல்லை, தறிகள் ஓய்ந்தன. ஒரு நோயானது மூச்சை மாத்திரமல்ல, பிழைப்பையும் நிறுத்தும் என்பதைக் காஞ்சி நெசவாளரைப் போல் அறிந்தவர் சிலரே.

2021 ஜனவரி 16-ந் தேதி இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. முதலில் மருத்துவ ஊழியர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் போடப்பட்டது. அதற்கு அடுத்தபடி, மார்ச்சு 1-ந் தேதி முதல், யாருக்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? அறுபது வயது நிறைந்தவர்களுக்கும், நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்டு நாட்பட்ட நோயுள்ளவர்களுக்குமே. அரசாங்கம் இருபது வகை நோய் நிலைகளைக் குறித்து ஒரு ஜாபிதா வெளியிட்டது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட நீரிழிவு, இரத்தக் கொதிப்போடு கூடிய இருதய நோய், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் அளவுக்கு முற்றிய சிறுநீரக நோய், ஈரல் சுருக்கம், கடுமையான மூச்சு நோய், புற்றுநோய் முதலியவை அதில் இருந்தன. வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டினால் போதும். திடகாத்திரமான இளைஞர்களுக்கு மே மாதம் முதல்தான் முறை வந்தது. நோயுள்ளவர்களுக்கு ஊசி ஆகாது என்பது உண்மையானால், அவர்களை வரிசையின் முன்னே நிறுத்தியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அவ்வாண்டின் இரண்டாம் அலையில் நீரிழிவுக்காரருக்கு நேர்ந்த இன்னொரு துன்பம் கருப்புப் பூஞ்சை நோய். கொரோனா கடுமையாகி, அதற்காக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டு, சர்க்கரை கட்டுமீறியவர்களிடமே அது பெரும்பாலும் கண்டது. மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் பரவி, பலருடைய கண்பார்வையையும் சிலருடைய உயிரையும் அது கவர்ந்தது. நமது மாகாணத்தில் 1939-ஆம் வருஷத்தில் நிறைவேறிய பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், 2021 மே மாதத்தில், அந்நோய் கண்டால் அரசாங்கத்துக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தடுப்பூசியின் பயன் கொரோனாவோடு முடிவதில்லை. முதல் நோய் கடுமையாகாமல் தடுத்தால், அதைத் தொடர்ந்து வரும் துன்பங்களும் தடுக்கப்படுகின்றன.

நடிகர் விவேக்கின் மரணமும் அதனால் எழுந்த பயமும்

இங்கே ஒரு சம்பவத்தை மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் தடுப்பூசியைப் பற்றிய பயம் ஒரே நாளில் பரவியது என்றால் அது இதனால்தான்.

நகைச்சுவை நடிகர் விவேக் அவர்களை அறியாதார் இல்லை. மக்களின் அச்சத்தைப் போக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன், 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசினர் மருத்துவமனையில் அவர் பலர் அறியக் கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் முற்பகலில் மாரடைப்பு ஏற்பட்டு மயங்கி விழுந்தார். 17-ந் தேதி அதிகாலையில் காலமானார். அவருக்கு வயது 59. ஊசி போட்ட மறுநாளே இப்படி நேர்ந்ததைக் கேட்டு, போட்டுக்கொள்ள இருந்தவர்களிற் பலர் பின்வாங்கினார்கள். முக்கியமாக இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் உள்ளவர்களே அஞ்சினார்கள்.

உண்மை என்ன? அவரைச் சோதித்த வைத்தியர்கள், இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் முக்கியமான குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்ததாகத் தெரிவித்தார்கள். இத்தகைய அடைப்புக்கு அடிப்படையாகிய கொழுப்புப் படிவு ஒரே நாளில் உண்டாவதன்று. பல வருஷங்களாகக் குழாயின் உட்புறத்தில் சேர்ந்து வருவது. இம்மரணத்தைக் குறித்துத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு மனு செய்யப்பட்டது. தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களை ஆராயும் மத்தியக் குழு இதை விசாரித்து, இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஏற்பட்ட மாரடைப்பே காரணம், தடுப்பூசி காரணமன்று, இரண்டும் ஒரே சமயத்தில் நேர்ந்தது தற்செயல் என்று 2021 அக்டோபரில் முடிவு கூறியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம்முடைய பழமொழி. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் நடந்ததனாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை நம் முன்னோர் அழகாகச் சொல்லி வைத்தார்கள். தடுப்பூசி இல்லாத காலத்திலும் நாள்தோறும் மாரடைப்பால் இறப்பவர் உண்டு. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் ஊசி போடும்போது, அவர்களுள் யாரேனும் ஒருவருக்கு மறுநாள் மாரடைப்பு வருவது எதிர்பார்க்கத்தக்கதே. ஊசி போட்டவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறதா என்பதே பார்க்க வேண்டிய கணக்கு.

அப்படிக் கணக்குப் பார்த்தபோது, அபூர்வமான ஒரு பாதகம் உண்மையாகவே தென்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவிஷீல்டு ஊசிக்குப் பின் மிகச் சிலருக்கு இரத்தம் உறையும் தொல்லை ஏற்பட்டது. 2021 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் அது பத்து லட்சம் ஊசிகளுக்கு 0.61 என்ற விகிதத்தில் இருந்தது. அதாவது பதினாறு லட்சம் ஊசிகளுக்கு ஏறக்குறைய ஒன்று. இப்படிப்பட்ட உண்மையை மறைக்காமல் எண்ணிச் சொல்வதனால்தான், விவேக் அவர்களின் மரணம் ஊசியால் நேர்ந்ததன்று என்று அதே குழு கூறும்போது நாம் நம்ப முடிகிறது.

பயம் நாளடைவில் தணிந்தது. 2021 செப்டம்பர் 12-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் நடந்த முதல் பெருமுகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வகைத் தடுப்பூசி

இனி விலக்குகளைக் கவனிப்போம். தடுப்பூசிகளை இரண்டு வகையாகப் பிரித்து நினைவில் வைத்தால் போதும்.

முதல் வகை, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து கொடுப்பது. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் முதலியவற்றுக்கான ஊசிகளும் போலியோ சொட்டு மருந்தும் இவ்வகை. இரண்டாம் வகை, கிருமியைக் கொன்று கொடுப்பது, அல்லது அதன் ஒரு பகுதியை மாத்திரம் கொடுப்பது. கோவாக்சின், வெறிநாய்க்கடி ஊசி, மஞ்சள் காமாலை-பி ஊசி, வழக்கமான இன்புளுயன்சா ஊசி ஆகியவை இவ்வகை. கோவிஷீல்டில் ஒரு வைரஸ் வாகனமாகப் பயன்பட்டதாயினும், அது நம் உடம்பில் பெருக முடியாதபடி மாற்றப்பட்டதாகையால், இந்த விஷயத்தில் அதையும் இரண்டாம் வகையோடு சேர்க்கலாம்.

இரண்டாம் வகையால் அந்த நோயே வந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. செத்த கிருமி பெருகாது. முதல் வகையிலோ, எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு மாத்திரம் ஆபத்து உண்டு. வலுவிழந்த கிருமியையும் அடக்க அவர்கள் உடம்புக்குச் சக்தி போதாது.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்பவர் மாட்டம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் கண்டார். நமது கிண்டியிலுள்ள கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து நெடுங்காலம் ஊர்கள்தோறும் அனுப்பியது. அம்மை குத்துகிறவர் தெருவில் வந்தால் குழந்தைகளை ஒளித்து வைத்த காலமும் உண்டு. மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து வழிபட்ட அதே மக்கள், நாளடைவில் குழந்தைகளுக்கு அம்மையும் குத்திக்கொண்டார்கள், ஒன்றுக்கொன்று விரோதமில்லை. 1975-ல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை கண்டது. 1980-ல் உலகை விட்டே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த அம்மைப்பாலும் உயிருள்ள கிருமியே. கரப்பான் என்னும் தோல் நோயுள்ளவர்களுக்கு அதைக் குத்தினால் உடம்பெங்கும் கொப்புளம் பரவி உயிருக்கு அபாயம் நேரலாம் என்று கண்டு, அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் அம்மை குத்திக்கொண்டதால், குத்திக்கொள்ளாத அவர்களும் காப்பாற்றப்பட்டார்கள். இந்தப் பாடத்துக்கு மறுபடியும் வருவேன்.

நோய்கள் ஒவ்வொன்றாக

நீரிழிவு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. குழித்தறியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் குறித்து அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீரிழிவு எந்தத் தடுப்பூசிக்கும் தடையன்று. சர்க்கரை குறைந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது தவறு. ஊசிக்காக வெறும் வயிற்றோடு வருவதும் தவறு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நின்றால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்; பார்ப்பவர்கள் அதையும் ஊசியின் மேல் ஏற்றுவார்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாட்கள் சர்க்கரை சற்று ஏறக்கூடும். மருந்தை நிறுத்தாமல், முடிந்தால் சோதித்துக்கொண்டிருந்தால் போதும்.

இரத்தக் கொதிப்பும் இருதய நோயும்: இவையும் தடையல்ல. அன்றைய மாத்திரையை வழக்கம்போல் உட்கொண்டே வர வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், வார்பரின் முதலிய மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது; நிறுத்துவதே பெரிய ஆபத்து. ஊசி போடுகிறவரிடம் மருந்தின் பெயரைச் சொன்னால், அவர் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவார். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிஷமாவது அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறிது இரத்தம் கட்டி நீலம் பாரித்தால் பயப்பட வேண்டியதில்லை.

ஆஸ்துமா: உறிஞ்சும் மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, மூச்சுத் திணறல் இல்லாத நாளில் ஊசி போட்டுக்கொள்ளலாம். திணறல் மிகுந்திருக்கும் நாளில் முதலில் அதற்குச் சிகிச்சை செய்துகொண்டு, தணிந்தவுடன் வர வேண்டும்.

சிறுநீரக நோய்: இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்களுக்கு மஞ்சள் காமாலை-பி வைரஸ் இரத்தத்தின் மூலம் தொற்றும் அபாயம் அதிகம். ஆதலால் அவர்களுக்கு அந்த ஊசி மிக அவசியம். நோய் முற்ற முற்ற ஊசியால் உண்டாகும் எதிர்ப்பு குறைவதால், சுத்திகரிப்பு தொடங்கும் நிலை வருமுன்பே போட்டுக்கொள்வது நலம். பின்னர் போடுவதானால் மற்றவர்களுக்குக் கொடுப்பதைப்போல் இரட்டிப்பு அளவு கொடுப்பது வழக்கம். அதைச் சிறுநீரக வைத்தியர் கவனித்துக்கொள்வார். சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாயை இணைத்திருக்கும் கையில் மாத்திரம் எந்த ஊசியும் போட விடக்கூடாது.

புற்றுநோயும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளும்: காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது நீங்கள் அறிந்ததே. அங்கே சிகிச்சை பெறுகிறவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களும், முடக்குவாதம் முதலிய நோய்களுக்காகக் கடுமையான மருந்தோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரையோ உட்கொள்பவர்களும், நான் முன்னே கூறிய விலக்கில் சேர்ந்தவர்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசியை இவர்கள் தம் வைத்தியர் அனுமதியின்றிப் போட்டுக்கொள்ளவே கூடாது. கொல்லப்பட்ட கிருமி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்; ஆனால் பயன் குறையலாமாகையால் காலம் பார்த்துப் போட வேண்டும். புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது போடுவது விரும்பத்தக்கது. பெரியம்மைக் காலத்தில் கரப்பான் நோயாளிகளைச் சுற்றியிருந்தவர்கள் காத்ததுபோல், இவர்களையும் வீட்டார் காக்க வேண்டும். மனைவி மக்களும், எதிர்த்தறியில் உட்காருகிறவரும் தத்தமக்குரிய ஊசியைப் போட்டுக்கொள்வதே இவர்களுக்குப் பாதுகாப்பு.

ஒவ்வாமை: முன்பு எந்தத் தடுப்பூசிக்குப் பிறகேனும் உடம்பு தடித்து, முகம் வீங்கி, மூச்சடைத்து, மயக்கம் வந்திருந்தால், அதே ஊசியை மறுபடியும் போடக்கூடாது. இதுவே உண்மையான தடை. தும்மல், சாதாரண அரிப்பு, சில உணவு ஒவ்வாமை ஆகியவை பொதுவாகத் தடையல்ல. எனினும் சொல்லிவிட வேண்டும்.

கடுமையான காய்ச்சல் உள்ளவர்கள் யாராயினும் குணமாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. வெறிநாய்க்கடியில் எவ்வித நோயும், கர்ப்பமும், வயதும் ஊசிக்குத் தடையாகா. அந்நோய் கண்டபின் பிழைப்பது அரிது. குன்னூரில் 1907 முதல் இருந்துவரும் பாஸ்டர் நிலையம் இந்த ஊசிக்காகவே பல தலைமுறையாக உழைத்தது. நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் அதை அவசியம் தெரிவியுங்கள். அவருக்குச் சிகிச்சை சற்று விரிவாகச் செய்ய நேரிடும்.

இப்போது செய்ய வேண்டியது

கொரோனாவின் கொடுமை குறைந்துவிட்டது. ஆனால் இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. அதன் வைரஸ் அடிக்கடி உருமாறுவதால், உலகச் சுகாதார ஸ்தாபனம் வருஷத்துக்கு இருமுறை எந்த வகைகளுக்கு ஊசி தயாரிக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. ஆகவே ஊசியையும் வருஷந்தோறும் போட வேண்டியிருக்கிறது. நீரிழிவு, இருதய நோய், மூச்சு நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது தக்கது. ஐப்பசி மழை தொடங்குமுன் வைத்தியரைக் கலந்து முடிவு செய்யுங்கள். மூக்கில் விடும் இன்புளுயன்சா மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. நான் கூறிய விலக்குக்குரியவர்களுக்கும் ஆஸ்துமா நோயாளிகளுக்கும் அது உகந்ததன்று.

ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. உங்கள் நோய்கள், சாப்பிடும் மருந்துகள், முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அல்லது மருந்துச் சீட்டையே கொண்டு வாருங்கள்.

2. வழக்கமான உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

3. தறியில் அதிகம் உழைக்காத கையில் போடச் சொல்லுங்கள். நாடாக் கயிற்றை இழுக்கும் கை இரண்டு நாள் வலித்தால் வேலை கெடும்.

4. போட்டவுடன் எழுந்து ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடுமையான ஒவ்வாமை வருமானால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வரும். அதற்கு மருந்து அங்கே தயாராக இருக்கும்.

5. கைவலி, உடம்பு வலி, இலேசான காய்ச்சல் ஆகியவை ஓரிரு நாட்களில் தணியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிறுநீரக, இருதய நோயாளிகள் மாத்திரம் தமக்கு விதித்த அளவை மீறாதிருக்கவும்.

6. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கடுந்தலைவலி, பிரக்ஞை தடுமாற்றம் இவற்றில் ஏதேனும் கண்டால், அது ஊசியாலா அன்றா என்று ஆராய்ந்துகொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள். மாரடைப்புக்கு ஊசி காரணமாயினும் அன்றாயினும், சிகிச்சைக்குத் தாமதம் கூடாது.

சங்கத்தின் கடமை

தனி மனிதனால் ஆகாதது சங்கத்தால் ஆகும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின்படி, நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மருந்து கொண்டுவரும் சகோதரியிடமே தடுப்பூசியைப் பற்றியும் விசாரிக்கலாம். அவரை உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, அங்கத்தினர்கள் தத்தம் சந்தேகங்களைக் கேட்கும்படி செய்யலாம்.

நெசவாளர் பலர் ஊசியைத் தவிர்ப்பதற்குப் பயம் மாத்திரம் காரணமன்று, கூலியும் காரணம். கோர்வைச் சேலையில் ஒருவர் படுத்தால் துணைக்கு இருப்பவருக்கும் வேலையில்லை. ஆகவே விடுமுறைக்கு முந்திய நாளில் முகாம் நடத்தும்படி சுகாதார அதிகாரிகளைச் சங்கம் கேட்டுக்கொள்ளலாம். சேலை முடிக்க வேண்டிய கெடுவை ஊசி போட்டுக்கொள்பவருக்கு இரண்டு நாள் நீட்டிக் கொடுக்கலாம். தனியே வர இயலாத முதியவர்களை அழைத்துவர இளைஞர் சிலரை ஏற்படுத்தலாம். யாருக்கு என்ன நோய் என்பதை மாத்திரம் சங்கத்தின் புத்தகத்தில் எழுதவோ வெளியே பேசவோ கூடாது. அது அவரவருக்கும் வைத்தியருக்கும் உரிய இரகசியம். அந்த நம்பிக்கை கெட்டால் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொல்லாதவருக்கு ஊசி போடுவதே அபாயம்.

சகோதர சகோதரிகளே! பாவில் ஓர் இழை நைந்திருந்தால் நீங்கள் அந்தப் பாவை எறிந்துவிடுவதில்லை. நைந்த இடத்தை அறிந்து, முடிந்து, ஜாக்கிரதையாக நெய்கிறீர்கள். நாட்பட்ட நோயுள்ள உடம்பையும் அவ்வாறே பேண வேண்டும். "எனக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அதே வார்த்தையை ஊசி போடும் இடத்தில் வந்து சொல்லுங்கள். உங்களுக்கு எந்த ஊசி தகும், எது தகாது, எப்போது போடலாம் என்பதைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அந்த ஒரு வார்த்தையே துணை செய்யும்.